மூல ஒழுங்கு

ஓசியில் கொடுத்தால் வாங்கிக்கொள்ள உலகத்தில் ஆள் இல்லாமல் போகாது என்று டிரைவர் நம்பிக்கொண்டிருந்தார். வட்டார ஆவணக் காப்பகத்தின் படியேறிய முதல் நாளே அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. எட்டு மாதத்தில் அது முழுதாகப் போய்ச் சேர்ந்தது.

டிரைவர் என்றால் இப்போது டிரைவர் இல்லை. முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரர் முதல் மருந்துக்கடைக்காரர் வரை எல்லாருக்கும் அவர் இன்னும் டிரைவர்தான். அவருடைய மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். செவிலியர் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருடம் செயலாளராகவும் இருந்து, இரண்டு வருடத்துக்கு முன்னால் காலமானார். விட்டுப்போனது ஒரு மகள், ஒரு மூக்குக்கண்ணாடி, மூன்று தகரப் பெட்டி நிறையக் காகிதம்.

காகிதம் என்றால் சாதாரணக் காகிதம் இல்லை. சங்கத்தின் கூட்டக் குறிப்புகள், மேலதிகாரிகளுக்கு எழுதிய கடிதங்கள், அவற்றுக்கு வராத பதிலைக் கேட்டு எழுதிய நினைவூட்டல்கள், அந்த நினைவூட்டல்களை நினைவூட்டிய கடிதங்கள். வார்டில் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ் உட்கார ஒரு நாற்காலி கேட்டு மட்டும் பதினோரு வருடக் கடிதங்கள் இருந்தன. பன்னிரண்டாவது வருடம் நாற்காலி வந்தது. ஒரு கால் குட்டையாக இருந்தது. அதைப் பற்றி ஒரு தனிக் கட்டு.

இவற்றோடு ஒரு நீல நோட்டும் இருந்தது. இரவுப் பணியில் நோயாளிகள் தூங்கிய பிறகு மனைவி அதில் ஏதோ எழுதுவார். "என்ன எழுதுற?" என்று டிரைவர் ஒருமுறை கேட்டதற்கு, "நான் போனப்புறம் படிச்சுக்குங்க" என்று சிரித்தார். போன பிறகு டிரைவருக்குக் கை வரவில்லை. எடுப்பார், அட்டையைத் துடைப்பார், வைத்துவிடுவார். பெட்டிகளை ஒரு பத்திரமான இடத்தில் சேர்த்துவிட்டு, அப்புறம் நிதானமாக ஒரு மேசையில் உட்கார்ந்து அதைப் படிக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை.

வீட்டுக்காரர் மூன்று மாதத்தில் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். மகள் வீடு இரண்டே அறை. அங்கே டிரைவரை வைக்கவே கட்டிலை நகர்த்த வேண்டியிருந்தது, பெட்டிகளுக்கு இடமில்லை. பழைய பேப்பர்காரர் வாரம் தவறாமல் வந்து, "என்ன முடிவு பண்ணீங்க டிரைவர்?" என்று விசாரித்தார். அந்தக் காகிதங்களில் உண்மையான அக்கறை காட்டியது ஊரிலேயே அவர் ஒருவர்தான்.

காப்பகத்துக்குப் போவதற்கு முன் டிரைவர் ஒரு காரியம் செய்தார். ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாக் காகிதத்தையும் தூசி தட்டி, தேதிவாரியாக அடுக்கி, கட்டுக்கட்டாகக் கட்டி, மேலே சீட்டு ஒட்டினார். நாலு பேர் பார்க்கும் இடத்துக்குப் போகும் பொருள், குளிப்பாட்டித்தானே அனுப்ப வேண்டும்.

பெறுதல் பிரிவு அலுவலர் முதல் பெட்டியைத் திறந்தார். உடனே கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"யாரு அடுக்கினது?"

"நான்தாங்க. தேதி வாரியா..."

"கெடுத்துட்டீங்களே!"

டிரைவருக்கு வேர்த்துவிட்டது.

"பாருங்க, ஒருத்தர் தன்னோட பேப்பரை எப்படி வச்சிருந்தாரோ அதுக்குப் பேரு மூல ஒழுங்கு. அதுல யாரும் கை வைக்கக் கூடாது. அந்தம்மா குப்பை மாதிரி வச்சிருந்தாங்களா?"

"கொஞ்சம் அப்படித்தாங்க."

"அந்தக் குப்பைதான் சார் வரலாறு. நீங்க வரலாற்றைப் பெருக்கித் தள்ளிட்டு வந்து நிக்கிறீங்க."

"இப்ப என்னங்க பண்றது?"

"பழையபடி கலைச்சு எடுத்துட்டு வாங்க. சும்மா கண்டபடி கலைக்கக் கூடாது. அவங்க எப்படிக் கலைச்சு வச்சிருந்தாங்களோ அப்படியே கலைக்கணும்."

அதோடு ஒரு விண்ணப்பமும் வாங்கிக்கொண்டார். கையெழுத்தின் மை காய்வதற்குள் எச்சரிக்கை வந்தது. "இந்த நிமிஷத்துலேர்ந்து இது ஆவணம். வீட்ல வச்சுப் பிரிக்கக் கூடாது, படிக்கக் கூடாது."

"பிரிக்காம எப்படிங்க கலைக்கிறது?"

"அது உங்க சாமர்த்தியம்."

"ஒரு நோட்டு மட்டும் இருக்குங்க. இன்னும் படிக்கல..."

"ஏன் அவசரப்படுறீங்க? இங்க வந்து சேர்ந்தப்புறம் வாசிப்பறையில உக்காந்து படிங்க. பெரிய மேசை, ஃபேன், நல்ல வெளிச்சம். எங்க வாசிப்பறையைப் பத்தி இதுவரைக்கும் ஒரு புகார்கூட வந்ததில்ல."

புகார் சொல்ல அங்கே யாரும் வந்ததில்லை என்பதை அலுவலர் சொல்லவில்லை. டிரைவர் அதைக் கேட்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் அப்பாவும் மகளும் தரையில் உட்கார்ந்து அம்மாவின் குழப்பத்தைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தார்கள்.

"கூட்டக் குறிப்புக்கு நடுவுல பால் ரசீது இருக்கும்ப்பா."

"கரண்ட் பில்லு?"

"வேலைநிறுத்தக் கட்டுல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஒருதடவை கரண்ட்டைப் புடுங்கிட்டுப் போயிட்டாங்க, பில்லு அதுக்குள்ளதான் கிடைச்சுது."

கலைக்கக் கலைக்கத்தான் தெரிந்தது, அது குழப்பமே இல்லை என்று. பதில் வராத கடிதங்கள் அடிப்பெட்டியில் இருந்திருக்கின்றன. பதில் வந்தவை மேலே, கைக்கெட்டும் இடத்தில். பதில் வந்தவை மொத்தம் ஆறு. டிரைவர் அந்த ஆறையும் இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார். வீட்டில் இருபத்திரண்டு வருடம் இது நடந்திருக்கிறது, அவருக்குத் தெரிந்ததெல்லாம் 'இந்தப் பேப்பரையெல்லாம் எடுத்து ஓரமா வையேன்' என்று சொன்னது மட்டும்தான்.

மகள் நீல நோட்டை எடுத்து நீட்டினாள். "இதைப் படிச்சிட்டுக் குடுங்கப்பா. யார் வந்து பாக்கப் போறாங்க?"

"கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்ல."

"ஒரு ராத்திரி வேலைப்பா இது."

"விதின்னு ஒண்ணு இருக்கும்மா. ஆளுக்கொரு பக்கம் மீறினா நாடு என்னத்துக்கு ஆகும்?"

மகள் நோட்டைப் பெட்டிக்குள் வைத்தாள். அவள் இந்த வாக்கியத்தைப் பால்குடி மறந்த நாளிலிருந்து கேட்டு வருபவள்.

இரண்டு வாரம் கழித்து அலுவலர் வீட்டுக்கே ஆய்வுக்கு வந்தார். மூன்று பெட்டியையும் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து மோந்துகூடப் பார்த்தார்.

"இது செயற்கையான குழப்பம்."

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"இருபது வருஷ அனுபவம் சார். இயற்கையான குழப்பத்துல ஒரு அலட்சியம் இருக்கும். இதுல அக்கறை தெரியுது."

"அக்கறையாத்தாங்க கலைச்சோம்."

"அங்கதான் தப்பு பண்ணிட்டீங்க."

கடைசியில் ஒரு வழி சொன்னார். காகிதங்கள் முன்பும் இதே அளவு அலங்கோலமாகத்தான் இருந்தன என்று அக்கம்பக்கத்தார் இருவர் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். வீட்டுக்காரர் மகிழ்ச்சியோடு இட்டார். கூடவே, கேட்காமலேயே, சமையலறையும் அப்படித்தான் இருந்தது என்று ஒரு வரி சேர்த்தார். இன்னொரு கையெழுத்தைப் பழைய பேப்பர்காரர் போட்டார். நாளைக்கு இவை தன்னிடம்தான் வரும் என்று அவருக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது.

குழப்பம் சான்று பெற்றதும் அடுத்த தடை வந்தது.

"படைப்பாளரோட சம்மதக் கையெழுத்து வேணும்."

"படைப்பாளருன்னா?"

"உங்க சம்சாரம்."

"அவ இறந்துட்டாளேங்க. விண்ணப்பத்துலயே எழுதியிருக்கேனே."

"தெரியும். அதனாலதான் எடுக்குறோம். உயிரோட இருக்கிறவங்ககிட்ட நாங்க வாங்குறதில்ல. அவங்களுக்கு மனசு மாறிடும்."

"அப்ப கையெழுத்து எப்படி?"

"இறக்குறதுக்கு முன்னாடியே வாங்கியிருக்கணும்."

"அப்ப வந்திருந்தா நீங்க வாங்கியிருக்க மாட்டீங்களே."

"கரெக்ட். அதான் இந்தப் படிவத்தை இதுவரைக்கும் யாரும் பூர்த்தி பண்ணினதில்ல. பாருங்க, எவ்வளவு புதுசா இருக்கு!"

விலக்கு அளிக்கும் அதிகாரம் இயக்குநருக்கு மட்டும் உண்டு. இயக்குநரைப் பார்க்க ஆறு தடவை போயும் அவர் இல்லை. அந்த ஆறு தடவையும் வாயிற்காவலர், "எங்க போறீங்க? யாரைப் பாக்கணும்? பையைத் திறங்க" என்று புதிதாகக் கேட்பது போலவே கேட்டார். ஏழாவது தடவை இயக்குநர் இருந்தார். மேசை பளபளவென்று இருந்தது. அதன் மேல் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

"நாங்க முக்கியமானவங்களோட பேப்பரை மட்டும்தான் எடுப்போம். எல்லாருதும் எடுத்தா இடம் வேணாமா?" என்றார்.

"முக்கியமானவங்கன்னா யாருங்க?"

"யாரோட பேப்பர் நம்மகிட்ட இருக்கோ அவங்க."

டிரைவர் இதை இரண்டு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். எந்தப் பக்கமும் திரும்ப இடமில்லாத முட்டுச் சந்து. வண்டியைப் பின்னால் எடுப்பது போல மெதுவாக எழுந்தார்.

ஆனால் அதிர்ஷ்டம் என்று ஒன்று இருக்கிறதே. அடுத்த மாதம் காப்பக வாரம். போன வருட விழாவில் ஒரு காலிப் பெட்டியை வைத்துத்தான் ஆவண ஒப்படைப்பு நடந்தது. யாரோ தூக்கிப் பார்த்துவிட்டார்கள். இந்த வருடம் கனமான பெட்டி தேவைப்பட்டது. "பெட்டி எவ்வளவு வெயிட் இருக்கும்?" என்று இயக்குநர் கேட்டார். டிரைவர் சொன்னார். விலக்கு கிடைத்தது.

விழாவில் இயக்குநர் முக்கால் மணி நேரம் பேசினார். அதில் சாரமான பகுதி இது:

"சென்ற ஆண்டு இந்தக் காப்பகத்தில் ஒரு தாள்கூடக் கிழியவில்லை. ஒரு தாள்கூடக் காணாமல் போகவில்லை. ஒரு தாளில்கூட விரல் ரேகை பதியவில்லை. இது எப்படிச் சாத்தியமாயிற்று? ஒரு தாளையும் எவரும் திறக்கவில்லை! ஆவணங்களின் முதல் எதிரி கரையான் என்பார்கள். நான் மறுக்கிறேன். கரையானுக்கு மருந்து உண்டு. வாசகருக்கு என்ன மருந்து? அன்பர்களே, விழிப்புடன் இருப்போம்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. டிரைவருக்குச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று கொடுத்தார்கள். மூன்று பெட்டிகளும் நால்வர் தூக்க இரும்புக் கதவுக்குள் போயின. கதவு சாத்திய சத்தம் கேட்டு டிரைவருக்குக் கண் கலங்கியது. அப்பாடா, இனி கரையான் இல்லை, மழை இல்லை, வீட்டுக்காரர் இல்லை.

பழைய பேப்பர்காரர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "என்கிட்ட வந்திருந்தா நாலு கடைக்காவது போயிருக்கும். பொட்டலத்தைப் பிரிச்சவன் ரெண்டு வரி படிச்சிருப்பான்" என்றார். வியாபாரம் போன வயிற்றெரிச்சல் என்று டிரைவர் நினைத்துக்கொண்டார்.

வாசகர் அட்டை வாங்க நான்கு மாதம் ஆனது. அதற்கும் படிவம் இருந்தது, அதற்கும் இருவர் கையெழுத்து, அதே இருவர். அட்டை வந்த அன்று டிரைவர் முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மனைவியின் மூக்குக்கண்ணாடியைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அவருடைய கண்ணாடியைவிட அதில்தான் எழுத்து நன்றாகத் தெரியும்.

அலுவலர் சொன்னபடியே இருந்தது வாசிப்பறை. மேசை, ஃபேன், வெளிச்சம் எல்லாம் இருந்தன. பெறுதல் பிரிவு அலுவலரே வாசிப்பறைக்கும் பொறுப்பு. ஒரு வேலை மற்ற வேலையைத் தொந்தரவு செய்யாது என்பதால் அந்த ஏற்பாடு. டிரைவர் சீட்டில் 'நீல நோட்டு' என்று எழுதிக் கொடுத்தார். அலுவலர் பட்டியலைப் புரட்டினார்.

"அது மூடின ஆவணம் சார்."

"மூடினதுன்னா?"

"உயிரோட இருக்கிற ஒருத்தரைப் பத்தி அந்தரங்கமான விஷயம் அதுல இருக்கு. அவரோட அந்தரங்கத்தைப் பாதுகாக்குறது எங்க கடமை."

"யாருங்க அவரு?"

"பேரு சொல்லக் கூடாது."

"சங்கத்துல யாராவது..."

அலுவலர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "'கணவர்'னு போட்டிருக்கு."

"கணவர் நான்தாங்க!"

"இருக்கலாம்."

"என்னங்க இருக்கலாம்? நான் என் சம்சாரம் என்னைப் பத்தி எழுதினதைப் படிக்கக் கூடாதா?"

"வேற யாராவதா இருந்தாக்கூட யோசிக்கலாம். உங்க அந்தரங்கம் தெரிஞ்சா மனசு புண்படக்கூடிய ஒரே ஆள் நீங்கதான்."

"சரி. எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுத்துடுறேன்."

"எதுக்கு ஆட்சேபணை இல்ல? உள்ள என்ன இருக்குன்னு தெரியாம எழுதிக் குடுத்தா செல்லாது. தெரிஞ்சுக்கணும்னா படிக்கணும். படிக்கத்தான் அனுமதி இல்லையே."

அலுவலர் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. மிகவும் வருத்தத்தோடு, வீட்டு மனிதரிடம் பேசுவது போலத்தான் சொன்னார்.

"இது அந்தரங்கம்னு யாருங்க முடிவு பண்ணினது?"

"அந்தரங்கக் குழு. அஞ்சு பேர். சும்மா முடிவு பண்ணல, முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் சத்தமா வாசிச்சாங்க. நகல் எடுக்கக் கூடாதுல்ல, அதனால ஒருத்தர் வாசிக்க மத்தவங்க கேட்டாங்க. மூணு நாள் ஆச்சு. மூணு நாளும் ரெண்டு பேர் லீவு, ஆள் குறையுதுன்னு டைப்பிஸ்ட் அம்மாவையும் வாயிற்காவலரையும் கூப்பிட்டு உக்கார வச்சோம். எதையும் நாங்க விதிப்படிதான் பண்ணுவோம்."

"எப்பதான் திறப்பீங்க?"

"சம்பந்தப்பட்டவர் இறந்து முப்பது வருஷம் கழிச்சு." அலுவலர் வாசகர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். "இதை வருஷா வருஷம் புதுப்பிச்சுக்குங்க. விட்டுட்டீங்கன்னா அன்னைக்கு வந்து மறுபடி முதல்லேர்ந்து அலையணும்."

டிரைவர் எழுந்து வெளியே வந்தார். டைப்பிஸ்ட் அம்மா நிமிர்ந்து பார்த்தார். எட்டு மாதத்தில் அவர் நிமிர்ந்து டிரைவர் பார்த்ததில்லை. வராந்தாவில் இரண்டு பேர் பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள். இந்தக் கட்டிடத்தில் தன்னைத் தவிர எல்லாருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. கோபம் வரவில்லை. கோபத்துக்கும் தெம்பு வேண்டுமே. அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

வாசலில் வாயிற்காவலர் பையைத் திறக்கச் சொல்லவில்லை. எழுந்து நின்றார்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா? கேக்கக் கூடாதுதான். மனசு கேக்கல."

"கேளுங்க."

"அந்த மழை நாள்ல அவங்க ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு கை காட்டினாங்கள்ல? வயித்துல ஏழு மாசம். உங்க பஸ் நிக்காமப் போச்சாமே. நீங்க அவங்களைப் பாத்தீங்களா, இல்ல பாக்காமத்தான் போனீங்களா?"

டிரைவர் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அவ என்ன எழுதியிருக்கா?"

"அவங்களுக்குத் தெரியலன்னு எழுதியிருக்காங்க. கண்ணாடி முழுக்கத் தண்ணி, அவரு பாத்திருக்க மாட்டாருன்னு ஒரு இடத்துல. பத்து வருஷம் தள்ளி இன்னொரு இடத்துல, பாத்திருப்பாரோன்னு. கடைசிப் பக்கத்துல மறுபடியும், பாத்திருக்கவே மாட்டாருன்னு. வாசிக்கக் கேட்ட நாங்க அஞ்சு பேரும் அப்ப இதைத்தான் பேசிக்கிட்டிருந்தோம். டைப்பிஸ்ட் அம்மா, பாத்திருக்க மாட்டீங்கன்னுதான் சொல்றாங்க."

நிறுத்தம் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி நூறு அடி தள்ளி இருந்தது. அந்த மழை நாளில் டிரைவர் அங்கே போய்த்தான் வண்டியை நிறுத்தினார். அவளால் ஓடி வர முடியாது என்று அவருக்குத் தெரியும். ஒரு நிமிடம் நின்றார். நேரம் ஆனதும் எடுத்துவிட்டார். அன்று மனைவி நனைந்துகொண்டே நடந்து வீடு வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. "ஏன் லேட்டு?" என்று அவர்தான் கேட்டார். "பஸ் கிடைக்கல" என்றார் மனைவி. அதற்குமேல் இருவரும் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

"பாத்தேன்" என்றார் டிரைவர். "நல்லாப் பாத்தேன். ஸ்டாப் இல்லாத இடத்துல நிறுத்தக் கூடாதுன்னு விதி."

முப்பத்தேழு வருடத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னார். சொன்ன பிறகு, தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட எண்ணாமல் அழுதார். வாயிற்காவலர் என்ன செய்வதென்று தெரியாமல் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

"உள்ள சொல்லட்டுங்களா? ஒரு சீட்டுல எழுதி அந்த நோட்டோட வச்சுட்டா, பின்னாடி உங்க பொண்ணோ பேரப்பிள்ளையோ படிச்சா பதில் தெரியும்ல?"

டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வேணாம்ப்பா. பூட்டியே இருக்கட்டும்."

இரண்டு எட்டு வைத்தவர் திரும்பி வந்தார்.

"முப்பது வருஷம்னு சொன்னாங்க. அதை இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட முடியுமான்னு மட்டும் உள்ள கேட்டுச் சொல்லுங்க."